கீழே வைத்த கோப்பை

ஃபைஹான் வீட்டுத் தட்டில் இருந்த சின்னக் கோப்பையின் விளிம்பில் யாருடைய உதட்டுத் தடமோ காய்ந்து ஒட்டியிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவனோ எதிரே உட்கார்ந்து பேரீச்சங்கொட்டையை உள்ளங்கையில் துப்பி, அதே கையால் தாடியைக் கோதிக்கொண்டிருந்தான்.

அந்தப் பழமும் எங்கள் தோப்புப் பழம்தான்.

மூன்று வருடமாக எங்கள் வீட்டுக்கு வருகிறான். காப்பியை வாங்குவான். வாயில் வைக்காமல் தரையில் வைப்பான். எங்கள் ஊரில் விருந்தாளி அப்படி வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். என்ன கேட்கப்போகிறான் என்று தெரியும் முன்பே, "குடிங்க, கேட்டது உங்களுக்குத்தான்" என்று வீட்டுக்காரன் சொல்லியாக வேண்டும். சொல்லாதவன் வீட்டுப் படியை அப்புறம் எவனும் மிதிக்க மாட்டான்.

அப்படித்தான் தோப்பில் ஒரு வரிசை போனது. பிறகு கிணற்றில் பாதி. போன குளிரில் எங்கள் வெள்ளை ஒட்டகம். கிடைத்த பிறகு ஒரு உறிஞ்சு உறிஞ்சுவான் பாருங்கள், அந்தச் சத்தம் இன்னும் என் காதில் பிசுபிசுக்கிறது.

நாளை மறுபடி வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். இந்த முறை என் தங்கை ஹஸ்ஸாவை, தன் மகனுக்கு. இரண்டு பெண்டாட்டிகளை அடித்துத் துரத்திய மகன். அவன் ஹஸ்ஸாவைக் கேட்கப்போவது ஊருக்கே தெரியும். ஹஸ்ஸா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை.

அப்பாவோ இன்றைக்கே என்னையும் இழுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்துவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் ஆறேழு பேர் வேறு இருந்தார்கள். கெஞ்சத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஃபைஹானைவிட அப்பாவைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது.

ஃபைஹான் கெண்டியைச் சாய்த்து, அதே கோப்பையில் ஊற்றி நீட்டினான். அப்பா வலக்கையால் வாங்கினார்.

தரையில் வைத்தார்.

 அப்பா எந்த வீட்டிலும் அப்படி வைத்ததில்லை.

ஃபைஹான் பெரியவர்களைப் பார்த்தான். வேறு வழியில்லை. ஒட்டகத்தைத் திருப்பிக் கேட்பார், போகட்டும், நாளைக்குப் பெண் வருகிறாளே என்று நினைத்திருப்பான். அப்பாவைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

"குடிங்க, அபூ ஸாமில். என்ன கேட்டாலும் உங்களுக்குத்தான்."

"பெருசா ஒண்ணுமில்ல. நாளைக்கு வாங்க, எப்ப வேணா வாங்க, வயிறு முட்டக் குடிங்க. ஆனா நீங்களும் சரி, உங்க வீட்டு ஆளுங்களும் சரி, இனிமே என் வீட்டுல கோப்பையைக் கீழ வைக்கக் கூடாது."

பெரியவர் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார். ஃபைஹானின் பல் இன்னும் தெரிந்துகொண்டுதான் இருந்தது, மூட மறந்துவிட்டான்.

அப்பா கோப்பையை எடுத்தார். தடம் இருந்த பக்கத்தையே உதட்டில் வைத்து அடிவரை குடித்தார். போதும் என்று கோப்பையை ஆட்டிக் கொடுத்தார்.

தெரு திரும்பியதும் சுவரோரம் குனிந்து மூன்று தடவை துப்பினார்.

"த்தூ! ஒரு ஏலக்காய்கூடப் போடலடா அந்தக் கஞ்சன். நீ முன்னால ஓடு. ஹஸ்ஸாவச் சாப்பிடச் சொல்லு."