ஒற்றை நட்சத்திரக்காரர்

“இதைச் செஞ்சவன் வாழ்க்கையில ஒரு நாளாவது கையுறை போட்டிருப்பானா?”

கிழவர் ஆரின் பீஸ்லி போனை உயர்த்திப் பிடித்துக் கேட்டார். ஊர்க்கூட்டத்தில் எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

செய்தவன் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான். கோரி டெரோஷர். பர்லிங்டனில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை. பாகு காய்ச்சுவதற்காக வாளி கட்டிவிடும் மேப்பிள் மரத்தில் இன்று எத்தனை மணிக்குச் சாறு இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லும் செயலி அவனுடையது. இரவுக் குளிர், பகல் வெயில், காற்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டுச் சொல்லும். வெளியிட்டு மூன்றே வாரம். மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், மேப்பிளை விட்டால் வேறு பேச்சு ஏது?

ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பனி உருகச் சாலைக்கு உப்புப் போடும் விவகாரம் முடிந்ததும், கூட்டத்தை நடத்தும் வின்னி கோல்பர்ன் அவனை எழுந்து நிற்கச் சொல்லி, “நம்ம ஊர்ப் பிள்ளை என்ன சாதிச்சிருக்கான் பாருங்க!” என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் ஆரின் மண்ணை அள்ளிப் போட்டார்.

“பட்டன் எல்லாம் அடியில, எறும்பு சைஸ்ல இருக்கு. ஒரு கையில வாளி, இன்னொரு கையில கையுறை. எப்படி அமுக்குறது? நான் மூக்காலதான் அமுக்குறேன்! நேத்து பன்னெண்டு மணிக்குச் சாறு வரும்னுச்சு. பத்தே முக்காலுக்கே வாளி வழியுது. தெற்குச் சரிவுக்கும் வடக்குச் சரிவுக்கும் ஒரே நேரமா? அதுவும் நீலத்து மேல நீல எழுத்து. வெயில்ல பார்த்தா என் மூஞ்சிதான் தெரியுது. காலங்காத்தால அதைப் பார்க்கணும்னு எனக்கென்ன தலையெழுத்து?”

“உட்காருங்க ஆரின்! பிடிக்காட்டி விட்டுடுங்க,” என்று கத்தினார் முன்னூறு மரம் வைத்திருக்கும் ராய்ஸ். “எங்களுக்கெல்லாம் ரொம்பப் பிடிச்சிருக்கு!”

வின்னி சுத்தியலைத் தட்டினார். “சரி, ஓட்டுக்கே விட்டுடலாம். ஆப் அருமைங்கறவங்க?”

“ஆம்!” கூரை அதிர்ந்தது.

“இல்லேங்கறவங்க?”

“இல்லை!” ஒற்றைக் குரல்.

“தீர்மானம் நிறைவேறியது. சாப்பிடப் போகலாம்.”

சாப்பாட்டு மேஜையில் கோரிக்குத் தட்டைப் பார்க்கவே நேரமில்லை. முதுகில் தட்டுகிறவர்கள் தட்டினார்கள், கை குலுக்குகிறவர்கள் குலுக்கினார்கள். ஆளாளுக்கு “பிரமாதம்!” என்றார்கள்.

“லோர்னா, முடிவு பண்ணிட்டேன்,” என்றான் மனைவியின் காதில். “ராஜினாமாக் கடிதத்தை இப்பவே அனுப்பிடறேன். இனி முழு நேரமும் ஆப்தான்!”

“ஜூன்ல குழந்தை பொறக்கப் போகுது. வேலை போனா மருத்துவக் காப்பீடும் போயிடும். ஒரு மாசம் பொறேன்.”

“இன்னும் என்ன பொறுக்கணும்? நாப்பத்தொரு பேர் அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்க. இப்ப ஊரே ஆம்னு கத்துச்சு. கேட்டியா இல்லையா?”

“ஒருத்தர் இல்லைன்னாரே.”

“அந்தக் கிழமா! ஒத்தை நட்சத்திரத்தைக் குடுத்துட்டு, மூணு வாரமா அதுக்குக் கீழே திட்டைத் திருத்தித் திருத்தி நீட்டிக்கிட்டே போகுது. ஒரு நாவல் அளவுக்கு ஆயிடுச்சு. நான் உருப்படறது பொறுக்கலை, வேற என்ன?”

பீன்ஸும் பன்றி இறைச்சியும் குவிந்த தட்டோடு அந்தக் கிழமே எதிரில் வந்து நின்றது.

“ஏம்ப்பா கோரி, வடக்குச் சரிவை எப்போ சேர்க்கப் போறே?”

கோரிக்கு ரத்தம் தலைக்கேறியது. “அவ்வளவு பிடிக்கலைன்னா எதுக்கு வெச்சிருக்கீங்க? அழிச்சுட்டுப் போக வேண்டியதுதானே!”

ஆரின் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “கோவத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வை. எழுத்தைக் கறுப்பாக்கு, அது போதும்,” என்று சொல்லிவிட்டு ஊறுகாய் எடுக்கப் போனார்.

“பார்த்தியா கொழுப்பை! முதல்ல இவரைத் தூக்கிடறேன். அடுத்து கடிதம்.”

கோரி போனை எடுத்தான். ஒருவரை நீக்க வேண்டுமென்றால் செயலியைப் பயன்படுத்துகிறவர்களின் பட்டியலுக்குப் போக வேண்டும். இந்த மூன்று வாரத்தில் அந்தப் பக்கத்தை அவன் திறந்ததே இல்லை. நட்சத்திரங்களை எண்ணவே பொழுது சரியாக இருந்தது.

பக்கம் திறந்தது. கோரி விரலால் அதை மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினான்.

“என்ன ஆச்சு? பேயறைஞ்ச மாதிரி இருக்கே?”

அவன் போனை அவள் பக்கம் திருப்பினான். ‘இந்த வாரம் செயலியைத் திறந்தவர்கள்’ என்று மேலே இருந்தது. கீழே வின்னி இல்லை. முன்னூறு மரத்து ராய்ஸ் இல்லை. “ஆம்!” என்று கூரையை அதிரவைத்தவர்களில் ஒருவர்கூட இல்லை. லோர்னாவும் இல்லை.

“நான் அஞ்சு நட்சத்திரம் போட்டேனே...” என்று இழுத்தாள் அவள், தட்டைப் பார்த்துக்கொண்டு.

பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: ஆரின் பீஸ்லி, எண்பத்து மூன்று முறை.