ஆபீஸ் நேரத்துத் தண்ணீர்

இடது கன்னம் மழமழவென்று வந்துவிட்டது. வலது கன்னத்தில் இரண்டு வருடத் தாடி அப்படியே தொங்கியது.

"தலைவரே, சிரிக்காதீங்க. கத்தி பட்டுடும்," என்றார் சலூன்காரர்.

எப்படிச் சிரிக்காமல் இருப்பது? ஆற்றில் தண்ணீர் வரும்வரை தாடியை எடுப்பதில்லை என்று ஊர் நடுவில் சபதம் போட்டவர் இந்த விவசாயிகள் சங்கத் தலைவர். மேலே இருக்கும் மாநிலத்துக்காரர்கள் அணையைத் திறக்கவேண்டும் என்று சாலை மறியல், உண்ணாவிரதம் எதையும் விட்டுவைக்கவில்லை. போராட்டப் பந்தலுக்குப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கக்காரர்கள்கூட, பாவம் என்று, தகரக் கூரை போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

போன வாரம் தண்ணீர் வந்தேவிட்டது! ஒரு வாரம் ஓடட்டும் என்று பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்று சலூன் நாற்காலியில் ஏறிவிட்டார். ஆற்றை நம்பி மூன்று ஏக்கருக்கும் நாற்று விட்டாயிற்று. கடை வாசலில் ஊரே விசிலடித்து ஆடிக்கொண்டிருந்தது.

"ஆனா தலைவரே, காலையில எட்டு மணி சங்குக்கு வருது, சாயங்காலம் அஞ்சு மணி சங்குக்கு நின்னுடுது. ஞாயித்துக்கிழமை சுத்தமா வரலையே?" என்றார் சலூன்காரர்.

"அணையில இருக்கறவன் கவர்மென்ட் ஆளுய்யா! ஆபீஸ் நேரத்துலதான் தொறப்பான். ஞாயித்துக்கிழமை வீட்ல தூங்குவான்."

கடையே அதிரச் சிரித்தது.

"அந்த மேல் மாநிலத்து மந்திரி ஒரு சொட்டுகூட விடலைன்னு டிவியில சத்தியம் பண்றாரே?"

"தோத்தவன் வேற என்னய்யா சொல்வான்?"

மறுபடி விசில் பறந்தது. அந்தச் சத்தத்தில் செல்போன் அடித்தது அவருக்குக் கேட்டதே பெரிது. மனைவி.

"என்னங்க, மோட்டார் காத்தைத்தான் இழுக்குது. கிணத்துல தரை தெரியுது. நாத்து வாடுதுங்க!"

"ஆறே வந்தாச்சு, கிணறு எதுக்குடி? நாளைக்கு ஆத்துத் தண்ணியைப் பாய்ச்சிடலாம். போய் எல்லாருக்கும் டீ போடு!"

சுரங்கத்தில் அஞ்சு மணி சங்கு ஊதியது. "ஆபீஸ் மூடியாச்சு!" என்று வாசலில் யாரோ கத்த, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, தலை முதல் கால் வரை சேறாக உள்ளே வந்தான். சுரங்கத்திலேயே தங்கி வேலை பார்ப்பவன்.

"என்ன மாமா, ஒரே கூத்தா இருக்கு?"

"ஆறு வந்திருக்குடா! உக்காரு, உனக்கும் ஷேவிங் என் செலவு!"

"மூஞ்சி கழுவினாப் போதும் மாமா. ஒரு வாரமா குழியில ஊத்து பொத்துக்கிட்டுக் கொட்டுது. எட்டு மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் பன்னெண்டு மோட்டார் போட்டு எறைச்சு ஆத்துல தள்ளுறோம். இடுப்பே போச்சு."

விசில் நின்றது. கத்தியும் நின்றது. தலைவர் பாதித் தாடியோடு மெல்லத் திரும்பினார்.

"அவ்வளவு தண்ணி எங்கேருந்துடா வருது?"

மச்சான் மூலையில் இருந்த குழாயைத் திருகினான். அது புஸ்ஸென்று காற்றை ஊதியது. குழாயை மூடிவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நம்ம கிணத்துலேருந்துதான் மாமா."