நானூற்று இருபத்தொன்று

“ஏலே, உம் பேரு என்ன?”

“பால்துரை அய்யா.”

“சீட்டு நம்பர்?”

“நானூத்தி… நானூத்தி…”

“போ, திரும்பி ஊருக்கே போ!” என்று அகப்பையை ஓங்கினாள் இன்பம். தம்பியின் முகம் செத்துப்போனது.

மம்சாபுரத்தில் அவள் வீட்டு அடுப்படிதான் ஒரு வாரமாகக் கடலோரச் சோதனை முகாம். அகப்பை பிடித்த அக்காதான் ஆபீசர்.

இலங்கைக்குக் கூலியாட்கள் போகக் கூடாதென்று சர்க்கார் தடை போட்டிருந்த காலம். ஏற்கெனவே தோட்டத்தில் குடியிருப்பவன் என்று காட்டினால் மட்டும் கப்பலேறலாம். பால்துரையிடம் தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்ட சீட்டு இருந்தது. அப்பாவை அடக்கம் பண்ண வந்தவன் அவன். பெண்டாட்டி ரோசம்மாளும் மூன்று வயதுப் பிள்ளையும் அங்கே மலையில். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே!

முதல் தடவை மூன்று நாள் வெயிலில் குத்தவைக்க வைத்தார்கள். துணியை உருவி மருந்துத் தண்ணீர் அடித்தார்கள். கடைசியில் சீட்டு நம்பரைக் கேட்டார்கள். எழுத்து வாசனை இல்லாதவன் விழித்தான். “எவன் சீட்டையோ திருடிட்டு வந்திருக்கான்” என்று விரட்டிவிட்டார்கள். இரண்டாம் தடவை போனபோது, முத்திரை மங்கலாக இருக்கிறதாம்.

“மாட்டைக்கூட சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாத்துட்டு விட்டுருவான், அக்கா. நம்மள மனுசனாவே நினைக்க மாட்டேங்கான்.”

“பொலம்பாத. நம்பரைச் சொல்லு.”

“நானூத்தி இருபத்தொண்ணு.”

“இன்னொருக்கா.”

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்வரை அவள் விடவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் கிளாஸ் படித்தவள். சீட்டானாலும் கடுதாசியானாலும் அந்த வீட்டில் அவள் வாசித்தால்தான் உண்டு.

“உங் கண்ணுதான் எனக்குக் கண்ணு, அக்கா. பிள்ளை லயத்து வீட்டு வாசல்ல ஓடி வெளையாடுதான்னு போன மாசக் கடுதாசியை வாசிச்சியே, அதுல இருந்து எனக்கு இங்க சோறு எறங்கல. அதுகளுக்கு ஒண்ணுன்னா இந்த உசுரு எதுக்கு?”

இன்பம் குனிந்து அடுப்பை ஊதினாள். புகை கண்ணைக் கரித்தது.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் அவனை ரயில் ஏற்றிவிட்டு வந்தாள். ஆனாலும் தினமும் உலையில் தம்பிக்கும் சேர்த்தே அரிசி போட்டாள். “எதுக்கு இம்புட்டுச் சோறு?” என்று பக்கத்து வீட்டு மாரியாத்தாள் கேட்டதற்கு, “ரெண்டு தடவை திரும்பி வந்தவன்தானே” என்றாள்.

ஆறாம் நாள் தம்பிக்குப் பதில் ஒரு கார்டு வந்தது.

“அக்காவுக்கு, நான் சொல்லச் சொல்ல, கூட வரும் பக்கீர் முகமது பாய் எழுதுகிறார். பழைய ஆபீசர் மாறிவிட்டார். புது ஆபீசர் தங்கமான மனுசர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. நம்பரை அவரே வாசித்தார், நானூற்றுப் பன்னிரண்டு என்று. நீதான் மாற்றி வாசித்துவிட்டாய் அக்கா, என்னைக் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். பிள்ளையைப் போய்ப் பார் என்று சொல்லி முத்திரை குத்தினார். இன்று கப்பல்.”

இன்பம் கார்டை இன்னொருக்கா வாசித்தாள்.

“பாவிகளா, முதல் தடவை போன அன்னைக்கே விட்டிருக்கக் கூடாதா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நம்பரை அவள் சரியாகத்தான் வாசித்திருந்தாள். அடி வாங்கினாலும் தம்பி திரும்பி வரட்டும் என்றுதான் மாற்றிச் சொல்லிக் கொடுத்தாள்.

வேதப் புத்தகத்துக்குள்ளிருந்து போன மாசக் கடுதாசியை எடுத்தாள். பிள்ளை ஓடி விளையாடுவதாக அதில் ஒரு வரியும் இல்லை. வாந்திபேதியில் போன ரோசம்மாளையும் பிள்ளையையும் ஒரே குழியில் வைத்த தேதிதான் இருந்தது.