காயப்போட ஓர் இடம்

சனிக்கிழமை காலை, பலர் இன்னும் காபியே குடிக்கவில்லை. அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்து விழுந்தது.

இரண்டாவது மாடி பால்கனி. கொடியில் மூன்று கறுப்பு ஷார்ட்ஸ், உள்பக்கம் வெளியே தெரிய. ஒவ்வொன்றின் நடுவிலும் குட்டி மெத்தை மாதிரி ஒரு பட்டை.

கீழே செகரட்டரி யக்ஞநாராயணன் எழுதியிருந்தார்: 'இது குடும்பங்கள் வசிக்கும் இடம். கண்றாவி!'

உடனே வரிசையாகக் கட்டைவிரல்கள். 'பெரியவங்க டயபரா?' என்று ஒருவர் அக்கறையாக விசாரித்திருந்தார்.

அதோடு விட்டாரா? அவரே மாடியேறி வந்து ஷ்யாம்சுந்தர் வீட்டு பெல்லையும் அடித்தார். செகரட்டரி வேலைக்குச் சம்பளம் கிடையாது. இந்த மாதிரி சந்தோஷங்கள்தான்.

"என்ன சார் அது, வெளியில தொங்கறது?"

"சைக்கிளிங் ஷார்ட்ஸ் சார். நானும் விஷ்ணுப்ரியாவும் வாராவாரம் சைக்கிள்ல போறோமே."

"போங்கோ, யார் வேண்டாம்னா? அதை ஏன் இப்படி ஊருக்குத் திறந்து காட்டணும்?"

"உள்ள இருக்கற பேட் காயணும் சார். ஈரத்தோட போட்டுக்கிட்டு கோவளம் வரைக்கும் மிதிச்சா, அப்புறம் உட்காரவே முடியாது."

"மெஷின்ல போட்டுச் சுத்த வேண்டியதுதானே?"

"சுத்தினா எலாஸ்டிக் போயிடும். பச்சைத் தண்ணில கையால அலசி, பிழியாம, நிழல்ல காத்தாட விடணும்."

"கைக்குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரின்னா இருக்கு!" என்றவர், கொடியை மறுபடி பார்த்தார். "ஆமா, இந்தாத்துல நீங்க ரெண்டு பேர்தானே? மூணாவது யாரோடது?"

ஷ்யாம்சுந்தர் மனைவி விஷ்ணுப்ரியாவைப் பார்த்தான். அவள் சட்டென்று ஃபேனைப் பார்த்தாள்.

"ஒரு ஃப்ரெண்டோடது சார். புதுசா ஓட்டறாங்க. நாளைக்குத்தான் முதல் தடவையா கோவளம் வரப்போறாங்க."

"அவா துணியை நீங்க ஏன் தோய்க்கணும்?"

"அவங்க வீட்ல காயப்போட இடமில்ல."

செகரட்டரி சிரித்தார். "காயப்போட இடமில்லாத வீடும் ஒரு வீடா? நாம லாரித் தண்ணிக்கு நாக்கு தள்ளிண்டிருக்கோம். நீங்க ஊரார் துணியெல்லாம் அலசறேள். யாருன்னு பேரைச் சொல்லுங்கோ."

"வேண்டாம் சார்."

"சொன்னா இந்த ஒரு தடவை விட்டுடறேன். இல்லேன்னா பால்கனில கொடியே கட்டக்கூடாது. இன்னிக்கே அவுத்தாகணும்."

விஷ்ணுப்ரியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வாயைத் திறந்தாள். ஷ்யாம்சுந்தர் கையமர்த்தினான்.

"கொடியையே அவுத்துடறேன் சார்."

இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில் செகரட்டரிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வாசல் வரை போய்த் திரும்பி, இலவசமாக ஒரு யோசனையும் கொடுத்தார்.

"உடம்புக்குத்தான்னா கோயிலுக்கு நடங்கோ சார். எங்காத்துக்காரியைப் பாருங்கோ. முட்டி வலி முட்டி வலின்னு படுத்தே கிடந்தா. இப்போ விடியறதுக்குள்ள கோயிலுக்குக் கிளம்பிடறா. திரும்பி வரச்சே மாடிப்படியில ஓட்டம்! பெருமாள் கிருபை."

விஷ்ணுப்ரியாவுக்கு அப்போது பார்த்து இருமல் வந்தது. சமையலறைக்குள் போய்விட்டாள்.

கீழே தண்ணி லாரி ஹாரன் அடித்தது. செகரட்டரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"எதுக்கு இவ்வளவு திட்டு வாங்கணும்? பேரைச் சொல்லியிருந்தா மூஞ்சி எப்படிப் போயிருக்கும்!" விஷ்ணுப்ரியா பொருமினாள்.

"சொன்னா அவங்க சைக்கிளுக்கு இன்னியோட முழுக்குதான். திட்டு நமக்கு ஒரு காபியில மறந்துடும்."

கொடியை அவிழ்த்தான். தங்கள் இரண்டையும் ஹால் ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் விரித்தான். மூன்றாவது பாதிதான் காய்ந்திருந்தது.

"இதை அவங்ககிட்டயே கொடுத்துடறேன். பாவம், எவ்வளவு ஆசையா இருந்தாங்க" என்று ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு விஷ்ணுப்ரியா படியிறங்கிப் போனாள்.

அதற்குள் குழுவில் செகரட்டரியின் அடுத்த செய்தி. லாரி பக்கத்தில் நின்றபடியே தட்டியிருந்தார்: 'பிரச்சினை முடிந்தது. கொடி அகற்றப்பட்டது. யாரோ சிநேகிதராம், அவர் வீட்டில் காயப்போட இடமில்லையாம். இடமில்லாத வீடும் ஒரு வீடா?'

பத்துப் பதினைந்து கைதட்டல்கள்.

விஷ்ணுப்ரியா வெறும் பையோடு திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"குரூப்ல வந்த மெசேஜையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் ஷார்ட்ஸை வாங்கிக்கிட்டுக் கதவைச் சாத்திட்டாங்க."

இரண்டு பேருக்கும் மனசே சரியில்லை. நாளைக்குக் கோவளம் போவதா வேண்டாமா என்றுகூடப் பேசிக்கொண்டார்கள்.

மறுபடி ஃபோன் கூவியது. இன்னொரு போட்டோ.

இந்தத் தடவை முதல் மாடி பால்கனி. செகரட்டரியின் எட்டு முழ வேட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுக்கொடியில் ஒரே ஒரு கறுப்பு ஷார்ட்ஸ். உள்பக்கம் வெளியே தெரிய.

அனுப்பியவர், இதுவரை குழுவில் பூப்படம் போட்ட 'குட்மார்னிங்' தவிர வேறெதுவும் அனுப்பியிராத திருமதி அபிதகுஜாம்பாள் யக்ஞநாராயணன்.

'இது என்னோடது. நாளைக்குக் கோவளம் போகணும். எங்காத்துலயும் காயப்போட இடம் இருக்கு.'