தண்ணீர் ஏறும் வரை

பின்பக்கக் கதவு மூடத் தொடங்கியபோது வினோஜாவும் பிள்ளையும் திரும்பி வந்திருக்கவில்லை.

படகில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். படகின் சொந்தக்காரர் டனிஸ்ரன், என் கணவர் ஜெனாட், நான். வினோஜா டனிஸ்ரனின் மனைவி. சாம்பவி அவர்களுடைய நான்கு வயது மகள்.

காலையில் லஷீனில் புறப்பட்டு, சென்-லூயி ஏரியைக் கடந்து சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு வந்திருந்தோம். மத்தியானம் ஓகாவில் இறங்கி இறைச்சி சுடுவதாகத் திட்டம். அதற்கு அடுத்த ஏரிக்குப் போகவேண்டும். அந்த ஏரி கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு நீளமான சீமெந்துத் தொட்டி. படகுகளை உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் கதவைப் பூட்டி, தண்ணீரை நிரப்பி மேலே தூக்கிவிடுவார்கள்.

எங்கள் முறைக்காகக் கரையில் கட்டிக்கொண்டு நின்றபோதுதான் சாம்பவிக்கு மலசலகூடம் போகவேண்டும் என்றாள் வினோஜா. சொல்லிவிட்டுக் கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டனிஸ்ரன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிசம்."

நாலாவது நிமிடம் பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் ஆறு படகுகள். சீருடை போட்ட பெண் எங்களை உள்ளே வரச்சொல்லிக் கையைக் காட்டினாள். சுவர் வழியே நடந்து வந்தால் அவர்கள் மற்றப் பக்கத்தில் ஏறிக்கொள்ளலாம் என்றார் ஜெனாட். டனிஸ்ரன் எஞ்சினை முடுக்கினார்.

முன்கயிற்றை டனிஸ்ரன் பிடித்தார். பின்கயிற்றை ஜெனாட். நான் சுவரில் படகு உரசாமல் பார்த்துக்கொண்டேன்.

கதவு மூடியது. தண்ணீர் ஏறத் தொடங்கியது.

தொட்டிக்குள்ளிருந்து பார்க்கும்போது கரையில் போகிறவர்களின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. செருப்புகள், சைக்கிள் சக்கரங்கள், ஒரு நாய். டனிஸ்ரன் ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். வினோஜாவின் நீலச் செருப்பு எந்த நேரமும் அங்கே வந்து நிற்கக்கூடும் என்று நினைத்தேன்.

அவர் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி மற்றக் கையால் வினோஜாவுக்குப் போன் எடுத்தார்.

அவருடைய சட்டைப் பைக்குள்ளேயே மணி அடித்தது.

தண்ணீரில் விழுந்துவிடும் என்று வினோஜாவின் போனைக் காலையில் அவர்தான் வாங்கி வைத்திருந்தார். அவர் அதை அவசரப்படாமல் நிற்பாட்டினார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஜெனாட் சிரிக்கவில்லை.

கால்கள் முழங்கால்களாயின. பிறகு இடுப்புகள் தெரிந்தன. ஐஸ்கிறீம் பிடித்த கைகள் தெரிந்தன.

திடீரென்று டனிஸ்ரன் கயிற்றை என் கையில் திணித்துவிட்டுச் சுவரிலிருந்த இரும்பு ஏணியில் கால் வைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் படகின் பின்பக்கம் சுவரை விட்டு விலகி, பக்கத்துப் படகை நோக்கித் திரும்பியது. ஜெனாட்டின் கயிறு நழுவியிருந்தது. எட்டு வருடமாக இதே படகில் கயிறு பிடிக்கிறவர் அவர். சீருடைப் பெண் பிரெஞ்சில் சத்தம் போட்டாள். டனிஸ்ரன் பல்லைக் கடித்துக்கொண்டு சுக்கானுக்கு ஓடி வந்தார்.

படகு நேரானபோது முன்கதவு திறந்தது. முகங்கள் எல்லாம் தெரிந்தன. வினோஜாவின் முகம் இல்லை.

மற்றப் பக்கத்தில் படகு சரியாக அணைய முன்னமே டனிஸ்ரன் கரைக்குப் பாய்ந்துவிட்டார். நான் பின்னால் ஓடினேன். மலசலகூட வாசலில் நின்ற இரண்டு வெள்ளைக்காரிகளுக்கு அவர் மரியாதையாக bonjour சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"றொஷினி, உள்ளுக்க போய்ப் பாருங்கோ."

நான் உள்ளே போனேன். நான்கு அறைகளும் திறந்து கிடந்தன. கடைசி அறையின் கொளுக்கியில் சாம்பவியின் செம்மஞ்சள் மிதவை அங்கி தொங்கியது.

அதை எடுத்துச் சுருட்டினேன். குப்பைத்தொட்டிக்குள் கடதாசிகளை விலக்கி, அடிவரைக்கும் கையை விட்டுப் புதைத்தேன். மேலே திரும்பக் கடதாசியைப் போட்டு மூடினேன். என் கையை இரண்டு தரம் கழுவினேன்.

நான் வேலை செய்யும் garderie என்ற பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்துக்குத்தான் சாம்பவி வருவாள். மாசி மாதம் ஒருநாள், வெளியே எல்லாம் உறைந்து கிடந்தபோது, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே பிரெஞ்சில் என்னிடம் சொன்னாள். அப்பா இரவில் அம்மாவைக் கராஜுக்குள் விட்டுப் பூட்டுகிறவராம். காலையில்தான் திறப்பாராம்.

வெளியே வந்து டனிஸ்ரனிடம் உள்ளே ஒருவரும் இல்லை என்றேன். சின்னப் பிள்ளையோடு ஒரு பெண் ஐஸ்கிறீம் கடைப் பக்கம் போனதை யாரோ கண்டார்களாம் என்றும் சொன்னேன். அவர்களை ஏற்றிப்போகக் கார் நின்ற தெரு அதற்கு நேர் எதிர்ப்பக்கம்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடைப் பக்கம் ஓடினார்.

நான் படகுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். மடியில் போன் அதிர்ந்தது. காரோடு வந்திருந்த, முகம் தெரியாத ஒருத்தி பிரெஞ்சில் ஒரே ஒரு சொல் அனுப்பியிருந்தாள். புறப்பட்டாயிற்று.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஐந்து மாதமாக நானும் வினோஜாவும் பேசிவந்ததை ஜெனாட்டிடம் மூச்சு விடவில்லை. டனிஸ்ரனும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். எங்கள் கல்யாணத்தில் தோழனாக நின்றவரும் டனிஸ்ரன்தான்.

ஜெனாட் ஈரக் கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ரெண்டு பேரும் காரில ஏறிட்டினமோ?" என்று கேட்டார்.