பனியில் பூத்த மூன்று ஐரிஸ்

வேலியோரத்துப் பனி இன்னும் கரையவில்லை. ஸ்டோய்மென் மண்டி போட்டுக் குனிந்திருக்கிறார். ஒரு சாண்கூட வளராத குட்டி ஐரிஸ் மூன்று, ஊதா இதழில் மஞ்சள் கோடு இழுத்துக்கொண்டு பனிக்கு மேலே நிற்கின்றன. இலை உதிர்ந்த மாதத்தில் மனைவி ரூஸ்கா இந்தக் கிழங்குகளை நட்டபோது, "சந்தைக்காரன் பூண்டுப் பல்லைக் குடுத்து உன்னை ஏமாத்திட்டான்டி" என்று கேலி பேசியவர் அவர்தான். பூப்பதற்குள் அவள் போய்விட்டாள். இன்று ஊரே கல்லறைக்குப் போகும் சனிக்கிழமை. அங்கே படைக்க, சர்க்கரை தூவிய அவித்த கோதுமை பக்கத்தில் கிண்ணத்தில் இருக்கிறது. கத்தி படும்போது ஈரக் காம்பு மெல்ல அறுபடும் சத்தம் கேட்கிறது. இரண்டை அறுத்தவர் மூன்றாவதற்கும் கை நீட்டுகிறார்.

"அண்ணே, அதை விடுங்க!" பக்கத்து வீட்டு வெலிகா வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கிறாள். "செத்தவங்களுக்குப் பூ இரட்டைப்படையிலதானே வைக்கணும்? புதுசா கேக்குற மாதிரி முழிக்கிறீங்க!"

"தெரியும்."

"ஒத்தைப்படை உசுரோட இருக்கிறவங்களுக்குண்ணே."

"அதுவும் தெரியும். உன் அடுப்பைப் போய்ப் பாரு. அவ நட்டதுல பூத்தது மூணு. மூணையும் அவ பாக்கட்டும்."

கத்தி மூன்றாவது காம்பில் இறங்குகிறது. பூக்களைக் கோட்டுக்குள் வைத்து, காற்றுப் படாமல் கையால் பொத்திக்கொண்டு எழுகிறார்.