ஒரு மணி நேர வெயில்

ஜன்னலை ஒரு விரற்கடை திறந்ததற்குத்தான் மகளுக்கு அந்த அறை விழுந்தது. டாக்டர் முன்னால் உட்காரும்போதும் கன்னத்தில் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன.

"யாரும்மா அடிச்சது?"

"நான்தான்" என்றாள் அம்மா.

"தெருவுல பந்து சத்தம் கேட்டுச்சு. அதான் திறந்தேன்" என்றாள் மகள்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டை மேஜையில் ஓங்கி அடித்தார். "ஒன்பது வயசுல அறுபது கிலோ! உடம்புல வைட்டமின் டி சுத்தமா இல்ல. கொஞ்சநஞ்சம் இருக்கறதையும் இந்தக் கொழுப்பே அமுக்கிக்குது. உள்ளேயே அடைச்சு வெச்சுத் தின்னக் கொடுத்தா வேற என்ன ஆகும்?"

"அழுதா வெளியே கேக்கும். பிஸ்கட் கொடுத்தா அழமாட்டா."

"நீங்க அம்மாவா, ராட்சசியா? ஜெயில்ல கிடக்கறவனுக்குக்கூட தினம் ஒரு மணி நேரம் வெயில் உண்டு!"

"தெரியும் டாக்டர். இவ அப்பனுக்குக் கிடைச்சுது."

அம்மா கழுத்துத் துணியை விலக்கினாள். காதிலிருந்து தோள்பட்டை வரை கத்தி இழுத்த தழும்பு.

"மிச்சத்தை வந்து முடிக்கிறேன், ரெண்டு பேரையும்னு சொல்லிட்டுத்தான் போனான்."

டாக்டரின் குரல் இறங்கியது. "இப்போ அவன்...?"

"வெளியே வந்து ரெண்டு வருஷமாச்சு. அன்னையிலேருந்து நாங்க உள்ளே."